ஆதார் ஜெராக்ஸ் கேட்டால் எதைக் கொடுப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆதார் ஜெராக்ஸைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிகிற ஆதாரைக் கொடுங்கள் என்றது அது. மே 29 அன்று மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று காரணம் சொன்னார்கள். அறிவிப்பில் இருந்த யோசனை முழுக்கச் சரி என்பதே என் கருத்து. ஆதாரை எதிர்த்தவர்கள் பல வருடமாகக் கரடியாய்க் கத்தியதும் அதைத்தான்.

எதிர்ப்பு என்றதும் அடையாள அட்டையே வேண்டாம் என்கிறார்கள் என்று நினைத்துவிடுகிறோம். அவர்கள் கேட்டது வேறு. வங்கி, சிம் கார்டு, பள்ளிக்கூடம், ரேஷன் எல்லாவற்றுக்கும் ஒரே எண் என்றால், அந்த எண் கையில் கிடைத்தவனுக்கு என்னென்ன தெரியவரும்? ரேகை விழாதவர் எங்கே போவார்? தப்பு நடந்தால் யார் பொறுப்பு? 2012இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டவர் நம் பெங்களூரில் வாழ்ந்த, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் சட்டம் செல்லும் என்று 4க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. மானியத்துக்கும் பான் கார்டுக்கும் ஆதார் வேண்டும். வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் கட்டாயப்படுத்தக் கூடாது. மாறுபட்டவர் நீதிபதி சந்திரசூட். அவருடைய தீர்ப்பை எடுத்துக்காட்டித்தான் 2019இல் ஜமைக்கா நீதிமன்றம் தன் நாட்டு அடையாளச் சட்டத்தையே ரத்து செய்தது. பிரிட்டன் 2006இல் சட்டம் போட்டு, 2010இல் தானே அதைக் கைவிட்டது.

இனி நம் தெருவுக்கு வருவோம். சிட்டி மார்க்கெட்டில் பூக் கட்டுகிற கை, சிமென்ட் கலக்கிற கை, நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற கை. இவற்றில் ரேகையின் மேடுகள் தேய்ந்துபோயிருக்கும். ரேஷன் கடைக் கருவியின் கண்ணாடியில் வெறும் திட்டாகத்தான் விழும். விரலை ஈரத் துணியால் துடைத்து, உலர்த்தி, நுனியை மட்டும் குத்தாமல் சதைப்பகுதி முழுவதும் படியும்படி வைக்க வேண்டும். கண்ணாடியையும் துடைக்கச் சொல்லுங்கள். ஒரு விரல் விழாவிட்டால் மற்ற விரல்கள், அப்புறம் கருவிழி, அப்புறம் ஓடிபி. எதுவுமே சரிப்படவில்லை என்றாலும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. ரேஷன் கார்டைப் பார்த்து, தனிப் பதிவேட்டில் எழுதி, பொருளைக் கொடுக்க வேண்டும். 2017 அக்டோபர் 24 அன்று ஆதார் ஆணையமே இதைச் சுற்றறிக்கையாக அனுப்பியிருக்கிறது. தேதியைச் சொல்லிக் கேளுங்கள்.

ரேகை விழாதது ஒரு கஷ்டம் என்றால், அடுத்தவன் கையில் நம் ரேகை இருப்பது அதைவிடப் பெரிய கஷ்டம். ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் முறையில் ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் ரேகை இருந்தால் போதும். ஓடிபியும் கிடையாது, பின் நம்பரும் கிடையாது. பத்திரப்பதிவு ஆவணத்தில் வைத்த ரேகையை அச்செடுத்துக் கணக்கைக் காலி செய்த மோசடி 2023இல் இதே கர்நாடகத்தில் நடந்தது. பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம், விரலை என்ன செய்வது? அதனால் ரேகையைப் பூட்டிவையுங்கள். ஆதார் இணையதளத்திலோ செயலியிலோ, பதிவு செய்த மொபைலுக்கு வரும் ஓடிபியை வைத்துப் பூட்டலாம். ரேஷன் வாங்கப் போகிற அன்று மறக்காமல் திறந்துகொண்டு போங்கள். இல்லாவிட்டால் கருவியில் 330 என்ற பிழை எண் வரும். கடைக்காரர் ரேகை சரியில்லை என்பார், நீங்களும் நம்பிவிடுவீர்கள். எங்கெங்கே உங்கள் ஆதார் சரிபார்க்கப்பட்டது என்ற 6 மாத விவரத்தையும் அதே தளத்தில் பார்க்கலாம். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். 3 வேலை நாளுக்குள் வங்கியிலும் எழுத்தில் புகார் கொடுங்கள்.

அபார்ட்மென்டில் வேலைக்குச் சேரும்போது, பிஜி விடுதியில் அறை எடுக்கும்போது ஜெராக்ஸ் கேட்கிறார்கள். வெறும் ஜெராக்ஸ் எதையும் நிரூபிக்காது, யாரும் திருத்தலாம். கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால்தான் உண்மையா பொய்யா என்று தெரியும். இணையதளத்திலிருந்து இறக்கும்போது எண்ணை மறைக்கும் கட்டத்தில் டிக் போட்டு, அந்தப் பிரதியை மட்டும் கொடுங்கள். அந்தக் கோப்பின் பாஸ்வேர்டு, ஆங்கிலத்தில் பெயரின் முதல் 4 எழுத்தும் பிறந்த வருடமும். நம்மவர்கள் இன்ஷியலில்தான் தடுக்கி நிற்பார்கள். பி. குமார் என்று இருந்தால் பி, புள்ளி, கே, யூ. புள்ளியும் கணக்கில் சேரும், எல்லாம் பெரிய எழுத்து.

2025 ஜனவரி 31 அன்று வந்த திருத்த விதிகள், அரசு அனுமதி பெற்ற தனியார் நிறுவனங்களும் ஆதார் சரிபார்ப்பு செய்ய வழி விட்டிருக்கின்றன. 2018 தீர்ப்பில் தனியாருக்குப் பாடுபட்டு அடைத்த வாசல் இது; இப்படித் திறப்பது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் 2019 திருத்தச் சட்டத்தில் ஒரு வரி நமக்காக இருக்கிறது: மாற்று அடையாளம் இருப்பதைச் சொல்ல வேண்டும், ஆதார் சரிபார்ப்புக்கு மறுத்ததற்காகச் சேவையை மறுக்கக் கூடாது. படிவத்தில் வாக்காளர் அட்டைக்கோ ஓட்டுநர் உரிமத்துக்கோ இடம் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் மறுப்பதை எழுத்தில் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.