ஏஆர் ஆரிகே: ஒன்றின் மேனியில் மட்டும் பாதரசம்

வணக்கம் நண்பர்களே. இன்று முழு வீடியோவும் ஒரே ஒரு நட்சத்திர ஜோடிக்குத்தான். பெயர் ஏஆர் ஆரிகே, 17 ஆரிகே என்றும் சொல்வார்கள். ஒளிர்வு எண் 6.1 (இந்த எண் கூடக் கூட நட்சத்திரம் மங்கல்), அதனால் வெறுங்கண்ணில் பிடிப்பது கஷ்டம். ஆனால் பைனாகுலர் போதும். ஆரிகா நட்சத்திர மண்டலத்தில் 16, 18, 19 என்று எண் போட்ட நட்சத்திரங்களோடு ஒரு சின்னக் கூட்டமாக நிற்கும்.

புள்ளி ஒன்றுதான், ஆள் இரண்டு. 4 நாள் 3 மணி 14 நிமிடத்துக்கு ஒரு முறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. அந்தச் சுற்றுப்பாதையை நாம் ஏறக்குறைய பக்கவாட்டிலிருந்து பார்ப்பதால், ஒன்று மற்றொன்றை மறைக்கும். கிரகண நட்சத்திரங்களை எனக்கு இவ்வளவு பிடிப்பதற்குக் காரணமே இதுதான்: எடையையும் அளவையும் யூகிக்க வேண்டாம், நேராகவே கணக்கிடலாம். பெரியவர் சூரியனைப் போல 2.48 மடங்கு எடை, சின்னவர் 2.29.

இப்போது திரையில் பெரியவரின் நிறமாலையை, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையைப் பாருங்கள். 396.8 நானோமீட்டரில் கால்சியக் கோடு, பக்கத்திலேயே ஹைட்ரஜன். இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் வாங்க, 398.4. அந்த மெல்லிய கோடு பாதரசம்! பாதரச மாங்கனீசு நட்சத்திரங்கள் எனப்படும் இந்த வகையின் மேற்பரப்பில் பாதரசம் சூரியனில் இருப்பதைவிடப் பல ஆயிரம் மடங்கு இருக்கும். மாங்கனீசும் அதிகம். ஹீலியமோ குறைச்சல்.

இதை நட்சத்திரம் புதிதாகச் செய்யவில்லை. எல்லாம் மேல்தோலில் நடக்கிற பிரிப்பு வேலை. 1970-ல் வானியற்பியலாளர் ஜார்ஜ் மிஷோ இதை விளக்கினார். மெதுவாகச் சுழலும் நட்சத்திரத்தில் மேலடுக்கு கலங்காமல் கிடக்கும். உள்ளிருந்து வரும் ஒளியை அதிகம் உறிஞ்சுகிற அணுக்களை அந்த ஒளியே மேலே தள்ளும், மற்றவை கீழே இறங்கும். நெல் தூற்றும்போது எது காற்றைப் பிடிக்கிறதோ அது தள்ளிப்போகும் இல்லையா, அப்படி. ஏஆர் ஆரிகேயில் நெருங்கிய துணையின் ஈர்ப்பே சுழற்சியை மட்டுப்படுத்தி வைத்திருக்கிறது.

சரி, அப்படியென்றால் சின்னவர்? அதே வாயு மேகத்தில் பிறந்தவர், அதே வயது, வெப்பம் 600 கெல்வின் மட்டுமே குறைவு. ஆனாலும் அவரிடம் இந்தப் பாதரச மாங்கனீசுக் கோலம் இல்லை. 2010-ல் வந்த ஆய்வில் வேறு வகையான, லேசான உலோக மிகுதிதான் தெரிந்தது. இன்னொன்றும் கவனியுங்கள்: எடை குறைந்த அவருடைய ஆரம்தான் பெரிது, 1.82 சூரிய ஆரம். பெரியவருக்கு 1.78. அதாவது சின்னவர் இன்னும் சுருங்கி முடிக்கவில்லை என்று படுகிறது. ஜோடியின் வயது சுமார் 40 லட்சம் ஆண்டு. இவ்வளவு இளம் வயதுக்குள் ஒரு நட்சத்திரம் தன் மேல்தோலையே மாற்றிக்கொண்டது என்பதுதான் என்னை உலுக்குகிறது.

அதுவும் சீரான பூச்சு இல்லை. வானியலாளர் ஸ்வெட்லானா ஹூப்ரிக்கின் குழு 2006-ல் பெரியவரின் மேற்பரப்பில் ஸ்ட்ரான்ஷியம், யிட்ரியம் என்ற தனிமங்கள் திட்டுத் திட்டாக இருப்பதைக் காட்டியது.

அப்புறம், மூன்றாவதாக ஒரு துணையும் உண்டு. கிரகண நேரங்கள் கொஞ்சம் முந்தியும் பிந்தியும் வருவதை வைத்தே அது பிடிபட்டது. ஒரு சுற்று ஏறத்தாழ 24 ஆண்டு. கிரகணத்தின்போது ஜோடியின் ஒளி மங்கி ஒளிர்வு எண் 6.8 வரை போகும், அதாவது பக்கத்திலிருக்கும் 18 ஆரிகேயைவிட மங்கிவிடும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் இரண்டையும் ஒரே பைனாகுலர் காட்சியில் ஒப்பிட்டு, மிக மங்கலாக இருக்கும் நேரத்தைக் குறித்துக் கீழே எழுதுங்கள்.