ஏறாமல் விட்ட பேருந்து

நேயர்களுக்கு வணக்கம். அறப்போராட்டம் என்றதும் ஊர்வலமும் முழக்கமும் நினைவுக்கு வரும். எனக்கு அதன் பின்னால் நடக்கும் வேலையில்தான் ஈடுபாடு. யாரை யார் கூட்டிப் போவது, செலவை யார் ஏற்பது, அந்தக் கணக்கு.

அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரம், 1955 டிசம்பர் 1. பேருந்தில் வெள்ளையருக்கு எழுந்து இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் கைதானார். இது பலருக்கும் தெரிந்த கதை. ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியையைத்தான் மறந்துவிடுகிறோம். அன்றிரவே அவர் கல்லூரி இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் துண்டறிக்கை அடித்தார். திங்கட்கிழமை யாரும் பேருந்தில் ஏற வேண்டாம், அவ்வளவுதான் செய்தி.

ஒரு நாளைக்கென்று தொடங்கியது 381 நாள் நீடித்தது. பயணிகளில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர். அவர்கள் ஏறாவிட்டால் பேருந்துக்கு வருமானம் ஏது? சரி, வேலைக்குப் போக வேண்டுமே! பலர் நடந்தார்கள். சுமார் 300 கார்கள் முறைவைத்து ஓடின. கார்களின் காப்பீடு ரத்தானது. லண்டனிலிருந்து புதிய காப்பீடு வாங்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், வீட்டுவேலைக்கு ஆள் வேண்டுமே என்று வெள்ளைக்கார அம்மாக்கள் சிலரே காரில் போய்ப் பணிப்பெண்களை அழைத்துவந்தார்கள். மேயருக்கு அதில் ஏகக் கோபம்!

மக்களின் கோபம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அதை ஓராண்டு தாங்க வைக்கும் ஏற்பாடுதான் அபூர்வம். முதலில் அவர்கள் கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை: மரியாதை, முதலில் வந்தவருக்கு முதல் இடம், சில கறுப்பின ஓட்டுநர்கள். அதற்கே நிர்வாகம் மறுத்தது. அப்புறம்தான் பேருந்தில் நிறம் பார்த்து இடம் பிரிப்பதையே எதிர்த்து நான்கு பெண்கள் நீதிமன்றம் போனார்கள். அவர்களில் ஒருவர் கிளாடெட் கால்வின். ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, 15 வயதில், இதே காரணத்துக்காகக் கைதானவர். 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. தெருவா, நீதிமன்றமா, எது வென்றது என்று கேட்பார்கள். வழக்கு முடியும்வரை மக்கள் கலையாமல் நின்றார்களே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

நேரமாகிவிட்டது என்கிறார்கள். பிலிப்பைன்ஸைப் பற்றி ஒரே வார்த்தை. 1986 பிப்ரவரியில் அதிபர் மார்கோஸை எதிர்த்துச் சாலையை நிறைத்து நின்ற மக்கள்மேல் டாங்கிகள் ஏறவில்லை. நான்காம் நாள் மார்கோஸ் நாட்டைவிட்டுக் கிளம்பினார். உத்தரவைச் சிப்பாய் ஏன் நிறைவேற்றவில்லை என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வந்தேன். இன்னொரு வாய்ப்பில் பார்ப்போம். வணக்கம்.