எது நிறைய?

வணக்கம் நேயர்களே. 'நிறைந்த' என்றொரு சொல் இருக்கிறது. நிறை, நிறைய, நிறைவு எல்லாம் அதன் கூடப்பிறந்தவை. முப்பது வருஷம் வகுப்பறையில் தமிழ் நடத்தியவன் நான். அத்தனை வருஷமும் இந்தச் சொல் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

முதலில் 'நிறைய'. 'நிறைய வேலை', 'நிறையப் பேர் வந்தார்கள்' என்கிறோம். அதிகம் என்ற பொருளில்தான் சொல்கிறோம். ஆனால் அந்தச் சொல்லின் உள்ளே 'நிறையும்படி' என்ற பொருள் இருக்கிறது. நிறையும்படி என்றால், எது நிறையும்படி? ஒரு பாத்திரம் வேண்டாமா? தட்டு நிறையச் சோறு, கூடை நிறையப் பூ, வீடு நிறைய விருந்தாளிகள். இப்படி முன்னால் ஒரு பாத்திரத்தை வைத்துச் சொல்லும்போதுதான் அந்தச் சொல்லுக்கு உயிர் வருகிறது.

நம் உடம்பையே பாத்திரமாக்கிய பேச்சையும் பாருங்கள். வயிறு நிறைய, கை நிறைய, மனசு நிறைய. 'கை நிறையச் சம்பளம்' என்றால் எவ்வளவு? தொகை கிடையாது. அவரவர் கை எவ்வளவோ அவ்வளவு. 'வாய் நிறைய வாங்க என்று கூப்பிட்டார்' என்கிறோம். அவர் சொன்னது ஒரே ஒரு சொல், 'வாங்க'. அதிலேயே வாய் நிறைந்துவிட்டது! இங்கே 'அதிகம்' என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள், பொருந்தாது. அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன்: நிறைய என்று சொல்லும்போது, எது நிறைய என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

'முழு' என்ற சொல்லும் இதுவும் ஒன்றுதானே என்று மாணவர்கள் கேட்பார்கள். நிலவைப் பொறுத்தவரை முழுமதி என்றாலும் நிறைமதி என்றாலும் சரிதான். ஆனால் உடையாத, விரிசல் விடாத ஒரு குடம் காலியாக இருந்தாலும் முழுக்குடம்தான். நிறைகுடம் ஆகாது. எதிர்ச்சொல்லை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். முழுத் தேங்காய்க்கு எதிர் அரைத் தேங்காய். நிறைமாதத்துக்கு எதிர் குறைமாதம்.

குடம் என்றதும் எனக்கு எங்கள் அப்பத்தா ஞாபகம் வந்துவிடும். எனக்கு அப்போது ஒன்பது வயசு. தெருமுனைக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவருவது என் வேலை. கனம் குறையட்டும் என்று முக்கால் குடம்தான் மொள்ளுவேன். வீடு வந்து சேர்வதற்குள் தோளில் குடம் தளும்பித் தளும்பி, சட்டை முதுகெல்லாம் நனைந்திருக்கும். குடத்தில் அரைக்குடம் மிஞ்சும். ஒருநாள் அப்பத்தா வாசலில் நின்று பார்த்தார். "ஏய்யா, முக்காக் குடத்தத் தூக்கிட்டு வந்தா நனையாம என்ன செய்யும்? கழுத்து வரைக்கும் மொண்டுக்க" என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. கூடுதலாகத் தண்ணீர் இருந்தால் கூடுதலாகத்தானே சிந்தும்? மறுநாள் கழுத்து வரை மொண்டேன். கனம் தோளை அழுத்தியது. ஆனால் தண்ணீர் அசையவில்லை.

'நிறைகுடம் தளும்பாது' என்ற பழமொழியை அடக்கத்துக்குச் சொல்கிறோம். அன்று அதைத் தோளில் சுமந்து பார்த்தேன். காரணம் பிறகுதான் புரிந்தது. குடத்தின் வயிறு அகலம், கழுத்து குறுகல். தண்ணீர் வயிற்றோடு நின்றால் மேல்பரப்பு விரிந்து கிடக்கும், அலையடிக்க இடம் இருக்கும். கழுத்துக்கு ஏறிவிட்டால் பரப்பு சுருங்கிவிடும், அலைக்கு இடமில்லை. வாளியை விளிம்புவரை நிரப்பித் தூக்கிப் பாருங்கள், கட்டாயம் சிந்தும். அதனால்தான் நிறைவாளி தளும்பாது என்று யாரும் சொல்லவில்லை. பழமொழி சொன்னவர் பாத்திரம் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார். பாருங்கள், இங்கேயும் பாத்திரம்தான்.

இன்னொன்று. 'நிறைகுடம்' வினைத்தொகை. நிறைந்த குடம், நிறைகின்ற குடம், நிறையும் குடம் என்று மூன்று காலமும் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. 782ஆம் குறளில் அறிவுடையவர் நட்பை 'நிறைநீர' என்கிறார் வள்ளுவர். பிறை நாளுக்கு நாள் வளர்ந்து நிறைகிற தன்மை அது. பேதையார் நட்போ முழுமதி தேய்கிற மாதிரி. நிறைந்து முடிந்ததை விட, நிறைந்துகொண்டே இருப்பதற்குத்தான் அங்கே பெருமை.

நேரம் நெருங்குகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். கண்ணார, வயிறார, மனதார என்கிறோமே, அந்த 'ஆர'வுக்கும் நிறைதல் என்றுதான் பொருள். அதை விரித்துப் பேச இன்று முடியாது. பள்ளிப் பாடத்தில் வரும் 'நிறை'யையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டு அறிவியல் புத்தகத்தில் நிறை வேறு, எடை வேறு: ஒரு பொருளில் எவ்வளவு பருப்பொருள் இருக்கிறது என்பது நிறை, பூமி அதை இழுக்கும் விசை எடை. இலங்கைப் புத்தகத்தில் அந்த எடையைத்தான் நிறை என்கிறார்கள், நம் நிறைக்கு அங்கே திணிவு என்று பெயர். இரண்டு நாட்டுப் புத்தகங்களையும் படிக்கும் பிள்ளைகள் கவனமாக இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்றே ஒன்று. கலித்தொகையில், 'நிறையெனப் படுவது மறைபிறர் அறியாமை' என்று ஒரு வரி. தன்னிடம் உள்ள மறைபொருள் பிறருக்குத் தெரியாமல் காப்பதுதான் நிறை. உள்ளே இருப்பது வெளியே சிந்தாமல் இருப்பது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பத்தாவின் குடம்தான் கண்முன் வரும். வணக்கம்.