அந்தக் காட்சி படத்தில் இல்லையே!

நேயர்களுக்கு வணக்கம்.

பத்து வருடம், இருபது வருடம் கழித்து ஒரு படத்தை மறுபடி பார்க்க உட்காருகிறோம். மனதில் அப்படியே பதிந்திருந்த ஒரு காட்சிக்காகக் காத்திருக்கிறோம். அது வருகிறது, ஆனால் நாம் நினைத்த மாதிரி வரவில்லை. வசனம் வேறாக இருக்கிறது, நிறம் வேறாக இருக்கிறது. சில நேரம் அந்தக் காட்சியே வராமல் படம் முடிந்துவிடுகிறது. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறோம்: "இங்கே ஒரு சீன் வருமே, வெட்டிட்டாங்களா?"

இந்தக் கேள்வியை ஞாபக மறதி என்று சொல்லி ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் கட்சி. சில சமயம் நிஜமாகவே வெட்டியிருப்பார்கள். வெட்டாத சமயங்களில் அந்தப் படம் எப்படி வேலை செய்தது என்பதை நம்முடைய அந்தத் தவறான ஞாபகமே காட்டிக் கொடுக்கும்.

முதலில் படத்தின் பக்கம் இருக்கும் காரணங்களைச் சொல்லிவிடுகிறேன். திரையரங்கில் படம் வினாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள், ஓடும். பல நாடுகளில் பழைய தொலைக்காட்சி முறை வினாடிக்கு 25 பிரேம். அதனால் அங்கே டிவியிலும் வீடியோ கேசட்டிலும் படங்களைச் சற்று வேகமாகவே ஓட்டினார்கள். இரண்டரை மணி நேரப் படம் ஒரு காட்சிகூடக் குறையாமல் 6 நிமிடம் முன்னதாகவே முடிந்துவிடும். பாட்டின் சுருதி கொஞ்சம் ஏறிக் கேட்கும். கேசட்டில் கேட்டுப் பழகியவர் இன்றைக்குச் சரியான வேகத்தில் பார்த்தால், கதாநாயகனின் குரல் கனத்துவிட்டதாகத்தான் அவருக்குத் தோன்றும்.

அப்புறம், படத்தின் அகலம். சினிமாஸ்கோப் படத்தின் அகலம் உயரத்தைப் போல் 2.35 மடங்கு. பழைய டிவிப் பெட்டியில் அது 1.33 மடங்குதான். திரை நிறைய வர வேண்டும் என்று இரண்டு பக்கமும் வெட்டினால் படத்தில் 40 சதவீதத்துக்கு மேல் போய்விடும். ஒரு பெண் ஜன்னலோரம் தனியாக நின்று அழுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். டிவியில் பார்த்தவர் மனதில் அது தனிமையின் காட்சி. முழு அகலத்தில் பார்க்கும்போதுதான், திரையின் அந்த ஓரத்தில் அவள் கணவன் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. ஞாபகம் சரிதான், கணவன் அப்போது கண்ணுக்கே தெரியவில்லை. ஆனால் இப்போது பார்ப்பது வேறு காட்சி.

நிறத்துக்கும் இதே கதி. பழைய வண்ணப் பிரதிகளில் நீலமும் பச்சையும் முதலில் வெளிறி, படம் முழுக்கச் செம்மை படர்ந்துவிடும். அந்தப் பிரதியைப் பார்த்து வளர்ந்தவருக்கு, புதுப்பித்த பிரதியில் வானம் நீலமாக இருப்பது அந்நியமாகத் தெரியலாம். படைப்பாளியே கைவைப்பதும் உண்டு. ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' 1982இல் வந்தது. 2002இல் மறுபடி வெளியிட்டபோது, குழந்தைகளைத் துரத்தும் அதிகாரிகளின் துப்பாக்கிகள் கணினி உதவியால் வாக்கி டாக்கிகளாக மாறின. அப்படி மாற்றியதற்குப் பிறகு அவரே வருத்தம் தெரிவித்தார். "அந்தக் காட்சியில் துப்பாக்கி இருந்ததே" என்று அடித்துச் சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள்.

சரி, இனி நம் பக்கம். எனக்கு அதிகம் பிடித்த பகுதி இதுதான்.

ஆல்பிரட் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ', 1960. குளியலறைக் கொலைக் காட்சி. ஓங்கிய கத்தி, வீறிடும் வாய், கொட்டும் தண்ணீர், சுவரில் வழுக்கும் கை, வடிகாலை நோக்கி ஓடும் ரத்தம். இந்தக் காட்சியைச் சிவப்பு ரத்தத்தோடு நினைவு வைத்திருப்பவர்கள் உண்டு. ஆனால் படம் கறுப்பு வெள்ளை. ரத்தமாக ஓடியது சாக்லேட் சிரப். கத்தி உடம்பில் ஆழமாக இறங்குவதைப் பார்த்ததாகவும் சொல்வார்கள். மறுபடி பாருங்கள், வேண்டுமானால் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலும் கத்தி ஒரு ஷாட்டில் இருக்கிறது, உடம்பு அடுத்த ஷாட்டில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து கண நேரம் வந்துபோகும் இடத்திலும் கத்தி ஆழமாக இறங்குவதில்லை. இரண்டையும் சேர்த்துக் குத்தவைப்பது பார்ப்பவரின் மனம்தான். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மனின் வயலின்கள் கிறீச்சிட்டு அந்த வேலையை முடித்துக் கொடுக்கின்றன. ஹிட்ச்காக் இதற்கு முன்னால் எடுத்த 'வெர்டிகோ'வும் 'நார்த் பை நார்த்வெஸ்ட்'டும் வண்ணப் படங்கள். இதைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தது அவராகத் தேர்ந்தெடுத்தது. அப்படியென்றால் சிவப்பாக நினைவு வைத்திருப்பவரை அரைகுறையாகப் பார்த்தவர் என்று எப்படிச் சொல்வது? இயக்குநர் கேட்டதைவிட அதிகமாகவே அவர் படத்துக்குள் போயிருக்கிறார்.

மனம் இப்படிச் சேர்த்துக்கொள்வது சினிமாவில் மட்டும் நடப்பதில்லை. 1989இல் ஹெலீன் இன்ட்ராப், மைக்கேல் ரிச்சர்ட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் சில புகைப்படங்களைக் காட்டி, பிறகு நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். புகைப்படத்தில் இருந்ததைவிட விரிந்த இடத்தை ஆட்கள் வரைந்தார்கள். சட்டகத்துக்கு வெளியே என்ன இருக்கும் என்பதையும் மனம் தானாகச் சேர்த்துவிடுகிறது. ஒரு முகத்தை மட்டும் குளோசப்பில் காட்டிவிட்டு முழு அறையையும் நம்மை உணரவைக்க இயக்குநரால் முடிகிறதென்றால், மனதின் இந்தப் பழக்கமும் அதற்குக் கைகொடுக்கிறது.

வசனத்துக்கு வருவோம். 1942இல் வந்த 'காசாபிளாங்கா'வில், பியானோக்காரர் சாமிடம் "மறுபடி வாசி, சாம்" என்று சொல்லும் வசனம் உலகப் புகழ் பெற்றது. படத்தில் அந்த வசனமே இல்லை. முதலில் கதாநாயகி இல்சா ஒரு பழைய பாட்டை ஒரு தடவை வாசிக்கச் சொல்கிறாள். அன்றிரவு அவளுடைய பழைய காதலன் ரிக் குடித்துக்கொண்டே, அவளுக்காக வாசித்தாய் அல்லவா, எனக்காகவும் வாசி என்கிறான். இரண்டு பேரும் ஒரே பாட்டைத் தனித்தனியாகக் கேட்கும் அந்த இரண்டு காட்சிகளும் சேர்ந்துதான், யாரும் பேசாத அந்த ஒற்றை வசனமாக உருண்டு திரண்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கதையின் சாரத்தை அது தவறாகச் சொல்லவும் இல்லை.

மற்றவர்கள் பேசுவதும் படத்துக்குள் நுழையும். உளவியலாளர்கள் எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பால்மரும் 1974இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டினார்கள். சிலரிடம் கார்கள் இடித்தபோது என்ன வேகம் என்று கேட்டார்கள், சிலரிடம் மோதி நொறுங்கியபோது என்ன வேகம் என்று கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேள்வி. முதல் வகையில் 50 பேரில் 7 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். இரண்டாவது வகையில் 16 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஒரே ஒரு கேள்விக்கே இவ்வளவு என்றால், நமக்குப் பிடித்த படத்தைப் பற்றி இத்தனை வருடமாகக் கேட்ட விமர்சனமும் மிமிக்ரியும் நண்பர்கள் அடித்த அரட்டையும் அதில் எவ்வளவு சேர்த்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

"படம் மாறவில்லை, நாம்தான் மாறிவிட்டோம்" என்று சொல்லி முடித்துக்கொள்வது வழக்கம். எனக்கு அது போதவில்லை. நாம் எங்கே பார்த்துக்கொண்டிருந்தோம் என்று கேட்க வேண்டும். பதினைந்து வயதில், வீட்டைவிட்டு ஓடும் மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாசலில் நின்ற அப்பா அன்றும் திரையில்தான் இருந்தார், நாம்தான் அவரைக் கவனிக்கவில்லை. கவனிக்காததை நினைவு எங்கிருந்து எடுத்துத் தரும்?

அதனால் ஒரு யோசனை. பிடித்த படத்தை மறுபடி பார்ப்பதற்கு முன்னால், நினைவில் இருப்பதை ஒரு தாளில் எழுதிவையுங்கள். கடைசிக் காட்சியில் யார் எங்கே நின்றார்கள், என்ன உடை, என்ன சொன்னார்கள், மழை பெய்ததா என்று சின்னச் சின்ன விவரமாக எழுதுங்கள். பார்த்து முடித்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் நடக்காது. புதிதாகப் பார்த்தது பழைய ஞாபகத்தின் மேலேயே வந்து படிந்துவிடும், முன்னால் என்ன நினைத்திருந்தோம் என்பதும் அதோடு கலந்துபோகும். இத்தனை வருடமாக உங்கள் மனதில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த அந்தப் படத்துக்கு வேறு பிரதி கிடையாது. அந்தத் தாளில் இருப்பதுதான் மிச்சம்.

நன்றி, வணக்கம்.