தேதி குறிச்சா தான் தயாரிப்பு நடக்கும்

நடுவர் ஐயா அவர்களுக்கும், மேடையில இருக்குற ரெண்டு அணிக்கும், வேலையெல்லாம் முடிச்சுட்டு இந்நேரத்துக்கு வந்து உக்காந்திருக்குற ஆச்சிமார், அண்ணன்மார், தம்பி தங்கச்சி எல்லாருக்கும் வணக்கம்.

பின்னாடி வந்தவங்களுக்காக தலைப்பை ஒரு தடவை சொல்லிடுறேன். ஊருக்குச் சொந்தமான ஒரு மின்சார நிறுவனம் நிலக்கரியை விட்டு வெளிய வரணும்னா முதல்ல வேண்டியது தேதியா, தயாரிப்பா? எங்க அணி தேதி. எனக்கு முன்னாடி பேசின அண்ணன் தயாரிப்புன்னு நல்லாவே பேசினாரு, "ஒரு அடுப்பை அணைக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு அடுப்பைப் பத்த வைக்கணுமா இல்லையா"ன்னு அவர் கேட்டதும் இந்தப் பக்கம் ஆச்சிமாரெல்லாம் தலையாட்டினீங்க, நான் பார்த்துட்டு தான் இருந்தேன். பத்த வைக்கணும் தான், அதுல எங்களுக்குச் சண்டையே இல்ல. ஆனா அந்த ரெண்டாவது அடுப்பை யாரு வாங்குவா, எப்ப வாங்குவா? முதல் அடுப்பு இன்னும் இருபது வருசம் எரியும்னு நெனைச்சுக்கிட்டு இருக்குற வீட்டுல ரெண்டாவது அடுப்பு வாங்க யாரும் காசு எடுத்து வைக்க மாட்டாங்கய்யா.

நான் காரைக்குடியில கணக்கு எழுதிப் பொழைக்கிறவ. எஞ்சினியர் கிடையாது. ஆனா ஒண்ணு தெரியும், தேதி போடாத எதையும் பேரேட்டுல ஏத்த முடியாது.

நம்ம ஊர்ல கரண்டுன்னா மாநிலம் பூராவுக்கும் ஒரே வாரியம் தான்னு நமக்குப் பழகிப்போச்சு. பக்கத்துல திருச்சூர் மாநகராட்சி மட்டும் தன் ஊருக்குத் தானே கரண்டு குடுக்குது. அமெரிக்காவுல இது சர்வ சாதாரணம், அங்க சுமார் 2,000 ஊர்கள்ல மின்சாரம் ஊரோட சொத்து. சின்ன ஊர் தனியா பெரிய மின்நிலையம் கட்ட முடியாதுல்ல, அதனால நாலு ஊரு, பத்து ஊரு சேர்ந்து ஒரு பொது நிறுவனம் வச்சுக்கிறாங்க. அதுல ஒண்ணைத் தான் இன்னைக்கு எடுத்துக்கிட்டு வந்திருக்கேன்.

கொலராடோ மாநிலம். ஃபோர்ட் காலின்ஸ், லவ்லண்ட், லாங்மாண்ட், எஸ்டஸ் பார்க்னு நாலு ஊரு. நாலுக்கும் சொந்தமான நிறுவனம் பிளாட் ரிவர் பவர் அத்தாரிட்டி. ஊருக்கு ரெண்டு பேர்னு 8 பேர் நிர்வாகக் குழுவுல உக்கார்றாங்க, அதுல ஒருத்தர் அந்தந்த ஊர் மேயர், இல்லைன்னா மேயர் அனுப்புற ஆளு, அதாவது பில்லு ஏறுச்சுன்னா ஜனங்க வீட்டு வாசல்லயே போய் கேட்கலாம். இவங்களோட பெரிய நிலக்கரி நிலையம் ராஹைட், 280 மெகாவாட், 1984-ல இருந்து ஓடுது, நிலக்கரி பக்கத்து மாநிலம் வயோமிங்ல இருந்து ரயில்ல வருது. நல்லா ஓடுற நிலையம் தான், கட்டை வண்டி இல்ல.

2018 டிசம்பர்ல இந்த 8 பேரும் உக்காந்து ஒரு தீர்மானம் போட்டாங்க, 2030-க்குள்ள கார்பன் இல்லாத மின்சாரம் நூத்துக்கு நூறு. அன்னைக்கு அவங்க கையில அதுக்கான வழி முழுசா இருந்துச்சா? இல்ல. அதையும் அந்தத் தீர்மானத்துலயே எழுதினாங்க, என் மனசைத் தொட்டது அந்த இடம் தான். பல ஊர்கள் சேர்ந்து கரண்டை வாங்கி விக்கிற சந்தை வரணும், பேட்டரி தேறணும், விலை குறையணும், லைன் இழுக்கணும், நம்பகமும் போகக் கூடாது, நிதியும் கெடக் கூடாது, இதெல்லாம் நடந்தா தான் இது நடக்கும்னு வரிசையா எழுதி வச்சாங்க. தேதியும் ஒரே தாள்ல, தடையும் அதே தாள்ல.

எதிரணி அண்ணன் என்ன சொன்னாரு, "நிபந்தனை போட்ட தேதி தேதியா"ன்னு. நம்ம வளவுல கல்யாணத்துக்கு இசைகுடிமானம் எழுதுறோமே, ரெண்டு பக்கமும் செய்ய வேண்டியதெல்லாம் எழுத்துல இருக்குறதால அந்தக் கல்யாணம் பொய்யாயிடுமா? எழுதினது தான் பிடிமானம்.

அந்தத் தாள் போட்டதுக்கப்புறம் நடந்ததைப் பாருங்க. 2020 ஜூன்ல, ராஹைட் நிலக்கரி யூனிட்டை 2029 முடியிறதுக்குள்ள மூடுறோம்னு அறிவிச்சாங்க, முதல்ல போட்டிருந்த கணக்கை விட 16 வருசம் முன்னாடி. அதே வருசம் வயோமிங்ல ரவுண்ட்ஹவுஸ் காற்றாலை, 225 மெகாவாட், அவங்களுக்குன்னு கரண்டு குடுக்க ஆரம்பிச்சது. நிலையத்தைச் சுத்தி இருக்குற தரையில 2016-லயே ஒரு சோலார் இருந்துச்சு, இப்ப இன்னொண்ணும் போட்டு, அதோட சின்னதா ஒரு பேட்டரியும் வச்சு பழகிப் பார்த்தாங்க. அப்புறம் பிளாக் ஹாலோ சன்னு ஒரு பெரிய சோலார். சந்தை வேணும்னு எழுதினாங்களே, அதுக்கு எஸ்பிபிங்கிற கூட்டுல சேர கையெழுத்துப் போட்டாங்க. இதுல எது தேதிக்கு முன்னாடி வந்துச்சு நடுவர் ஐயா? அந்த முதல் சோலாரை விட்டா எல்லாமே தேதிக்குப் பின்னாடி தான் வந்துச்சு.

இப்ப கணக்குக்கு வர்றேன், இது கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க. ஒரு மின்நிலையம் கட்டுனா அந்தச் செலவை ஒரே வருசத்துல எழுத மாட்டோம், அது எத்தனை வருசம் ஓடுமோ அத்தனை வருசத்துக்குப் பிரிச்சு வருசா வருசம் தேய்மானம்னு எழுதுவோம், அந்தத் தேய்மானம் தான் ஜனங்க கட்டுற பில்லுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா கரையுது. 2029-ல மூடுவேன்னு 2020-லயே சொல்லிட்டா மீதி இருக்குறதை ஒம்பது வருசத்துல பிரிச்சு எழுதலாம், ஏறும், ஆனா தாங்குற மாதிரி ஏறும். சொல்லாமயே ஓட்டிக்கிட்டு இருந்து ஒரு நாள் "இனி கட்டுப்படியாகாது"ன்னு திடீர்னு மூடினா மீதி மொத்தமும் அந்த நாள்ல ஜனங்க தலையில விழும், எரியாத கொள்ளிக்கு விறகுக் காசு குடுக்குற மாதிரி, ஓடாத நிலையத்துக்குப் பணம் கட்டணும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. டெக்சாஸ்ல சான் அன்டோனியோ ஊருக்குச் சொந்தமான நிறுவனம் சிபிஎஸ் எனர்ஜி. அவங்க டீலின்னு ஒரு பழைய நிலக்கரி நிலையத்தை வச்சிருந்தாங்க. புகையில இருக்குற கந்தகத்தைக் கழுவுற கருவி மாட்டணும், அதுக்கு கோடி கோடியா டாலர் ஆகும்னு வந்தப்ப, 2011-ல, இதுக்கு மேல இதுல காசு போடல, 2018-ல மூடுறோம்னு நாள் குறிச்சாங்க, 2018 டிசம்பர்ல மூடிட்டாங்க. நாள் குறிக்காம இருந்திருந்தா அந்தக் கருவியை மாட்டியிருப்பாங்க, மாட்டினதுக்கப்புறம் "இவ்ளோ காசு போட்டுட்டோமே"ன்னு இன்னும் இருபது வருசம் ஓட்டியிருப்பாங்க. தேதி இல்லாத இடத்துல பழசுக்கே காசு போய்க்கிட்டு இருக்கும், இதை நான் எத்தனையோ கடைக் கணக்குல பார்த்திருக்கேன், மனசு நோகும்.

லாஸ் ஏஞ்சல்ஸையும் ஒரு வரியில சொல்லிடுறேன். 2025-க்குள்ள நிலக்கரி வேணாம்னு 2013-ல சொன்னாங்க, யூட்டாவுல இருக்குற இன்டர்மவுண்டன் நிலையத்துல இருந்து வந்த நிலக்கரி கரண்டை 2025 கடைசியில நிறுத்திட்டாங்க.

அண்ணன் வச்ச பெரிய கேள்வி, "காத்து வீசல, வெயில் இல்ல, அன்னைக்கு என்ன பண்ணுவ?" நியாயமான கேள்வி. அந்த நாலு ஊரும் இதைத் தான் ரொம்ப நாள் போட்டு உருட்டினாங்க. பனிக்காலத்துல நாள்கணக்கா காத்தும் படுத்து வானமும் மூடிக்கிற நேரம் வருது, அதுக்கு இருட்டு அமைதின்னே பேர் வச்சு, பழைய வானிலைக் கணக்கையெல்லாம் எடுத்துப் பார்த்தாங்க. நாலு மணி நேரம் தாங்குற பேட்டரி சாயங்கால உச்ச நேரத்தைத் தாண்டிக் குடுத்துரும், மூணு நாள் மூட்டத்தைத் தாண்டாது. அதனால 200 மெகாவாட்டுக்கு கேஸ் டர்பைன் வைக்க முடிவு பண்ணினாங்க. உடனே அண்ணன் "பாத்தீங்களா, நூத்துக்கு நூறு போச்சு"ன்னாரு. ஆமாண்ணே, கேஸ் எரியிற வரைக்கும் நூறுன்னு சொல்ல முடியாது, எனக்கும் அதுல வருத்தம் உண்டு. ஆனா நிலக்கரிக் கொதிகலன் ஆறிப் போச்சுன்னா திரும்ப சூடேத்தி எடுக்க பல மணி நேரம் ஆகும், அதனால வேணுமோ வேணாமோ ராத்திரி பகலா கொஞ்சமாவது எரிச்சுக்கிட்டே இருக்கணும். இந்த டர்பைன் சில நிமிசத்துல ஏறும், வேலை முடிஞ்சா அணைச்சுடலாம். காத்து பிச்சுக்கிட்டு அடிக்கிற ராத்திரியில நிலக்கரி இடத்தை அடைச்சுக்கிட்டு நின்னா காற்றாலையைத் தான் நிறுத்தச் சொல்வாங்க, நம்ம முப்பந்தல்லயும் காத்து சீசன்ல இந்தக் குறை காலகாலமா இருக்கு. மூட்டம் போடுற நாளுக்கு மட்டும் எரியிறதும் வருசம் பூரா எரியிறதும் ஒண்ணா?

இன்னொண்ணும் அண்ணன் சொன்னாரு, கிரெய்க் விசயம். அதே கொலராடோவுல கிரெய்க்னு ஒரு நிலையம், அதோட முதல் ரெண்டு யூனிட்லயும் பிளாட் ரிவருக்கு 18 சதவீதம் பங்கு. முதல் யூனிட்டை 2025 டிசம்பர் முடிவோட மூடுறதா இருந்துச்சு. டிசம்பர் 30, மூடுறதுக்கு ஒரு நாள் முன்னாடி, மத்திய எரிசக்தித் துறை அவசர உத்தரவு போட்டு மூடக் கூடாதுன்னுடுச்சு. "தேதி குறிச்சு என்ன ஆச்சு"ன்னு கேட்டாரு. அந்த யூனிட்ல அந்த மாசம் ஒரு வால்வு உடைஞ்சு அது ஏற்கனவே நின்னு போயிருந்துச்சு அண்ணே. மூடப் போற யூனிட், சொந்தக்காரங்க மாத்து ஏற்பாடு பண்ணி முடிச்சுட்டாங்க. இப்ப அதைச் செலவு பண்ணி ரிப்பேர் பாத்து தயாரா வைக்கணும்னா அந்தக் காசு யார் பில்லுல வரும்? தயாரிப்பு இல்லாம அங்க எதுவும் நிக்கல, தயாரிப்பு முடிஞ்சு வண்டி கிளம்புற நேரத்துல வெளியில இருந்து ஒருத்தர் வந்து சங்கிலியைப் பிடிச்சு இழுத்தாரு. அது தேதியோட குத்தமா?

ஆளுங்களைப் பத்தி யாரும் பேசல, நான் பேசணும். நிலையத்துல கொதிகலன் பாக்குறவரு, நிலக்கரி வண்டி இறக்குறவரு, அவங்க வீட்டுப் பிள்ளைங்க. தேதி தெரிஞ்சா நாப்பது வயசுக்காரர் புது வேலை பழகலாம், அம்பத்தஞ்சு வயசுக்காரர் ஓய்வுக் கணக்குப் போடலாம், ஊரு வேற வரிக்கு வழி தேடலாம். கொலராடோ அரசு 2019-லயே நிலக்கரித் தொழிலாளிங்களுக்கும் ஊர்களுக்கும்னு தனி அலுவலகமே திறந்துச்சு.

எங்க ஐயா பர்மாவுல ஒரு வட்டிக்கடையில அடுத்தாளா இருந்தவரு. போறப்பவே மூணு வருசக் கணக்குன்னு தான் போவாங்க, கப்பல் ஏறுற அன்னைக்கே திரும்புற வருசம் தெரியும், அதுக்குள்ள வசூலை முடிச்சு, ஐந்தொகை எடுத்து, அடுத்து வர்றவர் கையில பெட்டிச் சாவியைக் குடுத்துட்டு வரணும். அவ்ளோ ஒழுங்கா தேதி போட்டு வேலை செஞ்ச சனம் தான் நம்ம சனம். ஆனா மொத்தமா பர்மாவை விட்டு வர்றதுக்கு மட்டும் யாரும் தேதி போடல. 1930-ல நெல்லு விலை விழுந்துச்சு, கடனுக்கு ஈடா வயலு வயலா கைக்கு வந்து சேர்ந்துச்சு, 1937-ல பர்மா தனியா பிரிஞ்சுது. ஐயா சொல்வாரு, சில வீட்டுக்காரங்க அப்பவே கொஞ்சம் கொஞ்சமா முதலை இந்தப் பக்கம் திருப்பினாங்களாம், நிறைய பேரு "விலை ஏறட்டும், நல்ல நேரம் வரட்டும், எல்லாம் தயாரானதும் போவோம்"னு இருந்தாங்களாம். 1942-ல ஜப்பான்காரன் வந்தான். ஐயா காட்டு வழியா நடந்து வந்தாரு, கையில ஒரு கணக்கு நோட்டு மட்டும். அந்த நோட்டுல வர வேண்டிய தொகையெல்லாம் முத்து முத்தா எழுதியிருக்கும், ஒரு காசு வரல. அப்பத்தா அதை மஞ்சத் துணியில சுத்தி வச்சிருந்தாங்க, நான் தொட்டுப் பார்த்திருக்கேன்.

நிலக்கரியையும் ஒரு நாள் விட்டு வரத் தான் போறோம், அண்ணனும் அதை ஒத்துக்கிட்டாரு. சாவியைக் குடுத்துட்டு வர்றதா, காட்டு வழியா நடந்து வர்றதாங்கிறது தான் கேள்வி.

தயாரிப்புக்கு நம்ம ஊரு என்ன கொறைச்சலா? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் தூக்கிக் குடுத்தாரு, 1948-ல அடிக்கல் போட்டு 1953 தை மாசம் இதே காரைக்குடியில மின்வேதியியல் ஆய்வகம் திறந்தாச்சு, இன்னைக்கும் உள்ள பேட்டரி ஆராய்ச்சி நடந்துக்கிட்டு இருக்கு. ராமநாதபுரம் பக்கம் கமுதியில 648 மெகாவாட் சோலார் 2016-லயே வந்துடுச்சு. நாள் குறிக்க வேண்டிய பழசும் அந்தப் பக்கம் இருக்கு, தூத்துக்குடி அனல் நிலையத்துல நிலக்கரி எரிக்கிற அஞ்சு யூனிட், ஒவ்வொண்ணும் 210 மெகாவாட், முதல் யூனிட் 1979-ல ஓட ஆரம்பிச்சது. பேட்டரி படிச்ச பிள்ளை இருக்கு, வெயில் இருக்கு, காத்து இருக்கு.

மணி அடிச்சுட்டாங்க, முடிச்சுக்கிறேன் ஐயா. அடுத்து பேச வர்ற எதிரணி அண்ணனை ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். "எல்லாம் தயாரான பிறகு"ன்னு உங்க அணி இதுவரைக்கும் ஏழெட்டு தடவை சொல்லியாச்சு, நான் நோட்டுல குறிச்சு வச்சிருக்கேன், பக்கத்துல வருசம் எழுதுற கட்டம் மட்டும் காலியா இருக்கு. நீங்க மைக்கைப் பிடிச்சதும் முதல்ல அந்த வருசத்தைச் சொல்லுங்கண்ணே, நான் எழுதிக்கிறேன்.