'லாவ்வாய்' என்று கூப்பிட்டால் கோபப்பட வேண்டுமா?

சரி, அடுத்த கேள்வி. கோவையிலிருந்து ஒருவர் கேட்கிறார்: "என் தம்பி சீனாவில் மருத்துவம் படிக்கிறான். தெருவில் போனால் 'லாவ்வாய்' என்கிறார்களாம். அது திட்டா? வெளிநாட்டவரை அங்கே மரியாதையாக எப்படித்தான் கூப்பிடுவார்கள்?"

திட்டு இல்லை, முதலில் தம்பியிடம் அதைச் சொல்லிவிடுங்கள். 'வாய்' என்றால் வெளி. 'லாவ்' என்றால் வயதான என்று பொருள், ஆனால் இங்கே அது சும்மா முன்னால் ஒட்டிக்கொள்கிற சொல். வாத்தியார் லாவ்ஷி, முதலாளி லாவ்பான், புலிகூட லாவ்ஹூதான். மாமல்லபுரத்தில் சின்னப் பையன்கள் "டேய், ஃபாரினர்டா" என்பார்களே, ஏறக்குறைய அதுதான் லாவ்வாய். அதில் பெரிய மரியாதையும் கிடையாது, வன்மமும் கிடையாது.

உண்மையான திட்டு வேறு இருக்கிறது. இந்தியர்களை 'ஆசான்' என்பார்கள். நம் காதுக்குக் குரு மாதிரி கேட்கும், ஏமாந்துவிடாதீர்கள்! பிரிட்டிஷ்காரர்கள் ஷாங்காயில் சீக்கியர்களைப் போலீஸாக வைத்திருந்த காலத்துக் கேலிப்பேர் அது. நல்ல மனிதர்கள் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம், அங்கேயே குடியிருப்பவர்கள் விஷயம். 2020 கணக்கெடுப்பில் சீனப் பெருநிலத்தில் வசித்த வெளிநாட்டவர் 8,45,697 பேர். இதில் கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்று, இருபது வருஷமாக இருப்பவர்களும் உண்டு. அவர்களும் லாவ்வாய்தான். அவர்களை உறுத்துவது அந்த 'வெளி'. சீனத்தில் 'வாய்குவோரென்' என்றால் வெளிநாட்டுக்காரர். நடுவில் இருக்கிற 'குவோ'வை எடுத்துவிட்டால் 'வாய்ரென்', அதாவது வேற்றாள், நம்ம ஆள் இல்லை. கனடாக்காரர் மார்க் ரௌஸ்வெல், தாஷான் என்ற பெயரில் சீனத் தொலைக்காட்சியில் ஏகப் பிரபலம். அவரைப் பற்றி, "வாய்குவோரென்தான், ஆனால் வாய்ரென் இல்லை" என்று சொல்வார்கள். அதைவிடப் பெரிய பாராட்டு அங்கே கிடைக்காது.

சரி, மரியாதைக்கு வருவோம். மேடையில் பேசுகிறவர்கள் 'வெளிநாட்டு நண்பரே' என்பார்கள், அது விருந்தாளிக்கு. தினமும் பழகுகிறவர்களுக்குக் குடும்பப்பெயரோடு தொழிலைச் சேர்ப்பார்கள்: லீ வாத்தியார், வாங் மேனேஜர். நம் ஆட்களுக்குச் சிக்கல் இங்கேதான். நமக்கு ஏது குடும்பப்பெயர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் பெரும்பாலும் அப்பா பெயர் இருக்கும். அதைப் பார்த்து அப்பா பெயராலேயே பிள்ளையைக் கூப்பிடுவார்கள்!

அதனால் ஒரு சீனப் பெயர் வைத்துக்கொள்வது நல்லது. சோலாப்பூர்க்காரர் டாக்டர் கோட்னிஸ் 1938இல் இந்திய மருத்துவக் குழுவோடு அங்கே போனார். குழுவில் ஐந்து பேர். ஐவருடைய சீனப் பெயரும் 'ஹுவா' என்று முடியும். ஹுவா என்றால் சீனா. கோட்னிஸ் 'கெ தீஹுவா' ஆனார். 1942இல், 32 வயதில், அங்கேயே இறந்தார். இன்றும் அவரைக் கெ தீஹுவா தாய்ஃபு என்றுதான் சொல்கிறார்கள். தாய்ஃபு என்றால் டாக்டர்.

ஒரு வேடிக்கை, சீனத்திலும் 'நீ' என்றால் நீதான். மரியாதைக்கு 'நின்'. பெய்ஜிங் பக்கம் இது அதிகம் காதில் விழும், தெற்கே குறைவு. பெரியவர் யாராவது தம்பியிடம் "நின் குவெய் சிங்?" என்று கேட்டால், "தங்கள் மதிப்புக்குரிய குடும்பப்பெயர் என்ன?" என்று அர்த்தம். பதில் சொல்லும்போது அந்தக் குவெய்யை விட்டுவிட வேண்டும், அது அடுத்தவருக்கு மட்டும் கொடுக்கிற மதிப்பு. "வோ சிங் கெ", அதாவது என் குடும்பப்பெயர் கெ, இப்படிச் சொன்னால் போதும். கெ இருக்கும் இடத்தில் தம்பி தன் பெயரைப் போட்டுக்கொள்ளட்டும்.