முத்துத் தோட்டுப் பெண்ணைப் பார்த்து எண்ணெய் வண்ணம் பழகுவோம்

[திரையில்: முழு ஓவியம், மெல்ல முகத்தை நெருங்குகிறது]

இந்தப் பெண்ணின் மூக்கைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். மூக்குத் தண்டு எங்கே முடிகிறது, அதற்கு அப்பாலுள்ள கன்னம் எங்கே தொடங்குகிறது? நடுவில் கோடே கிடையாது. இரண்டும் ஒரே வெளிச்சத்தில் கலந்து கிடக்கின்றன. ஆனாலும் மூக்கு நமக்குத் தெரிகிறது.

டச்சு ஓவியர் யோகான்னஸ் வெர்மீர் 1665 வாக்கில் தீட்டிய ‘முத்துத் தோட்டுப் பெண்’ ஓவியம் இது. நெதர்லாந்தின் ஹேக் நகரில், மவுரிட்ஸ்ஹைஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 44.5 செ.மீ., அகலம் 39 செ.மீ., அவ்வளவுதான். ஒரே முகம், ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரும் வெளிச்சம். முகம் தீட்டப் பழகுகிறவர்களிடம் நான் முதலில் பிரதி எடுக்கச் சொல்வது இதைத்தான். அருங்காட்சியகத்தின் தளத்திலேயே பெரிய அளவுப் படம் இலவசமாகக் கிடைக்கிறது.

[திரையில்: பழுப்பு நிறத்தில் மட்டும் தீட்டிய முகம்]

சரி, எடுத்ததுமே தோல் நிறத்தைக் கலக்க வேண்டாம். வெர்மீரும் பழுப்பு, கறுப்பு வண்ணங்களில் அடித்தளம் போட்டுவிட்டுத்தான் மேலே போனார். பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பு வண்ணத்தை, எண்ணெய் வண்ணத்தை இளக்கும் டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, நிழல் விழும் இடங்களை மட்டும் நிரப்புங்கள். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால் சின்னச் சின்ன விவரமெல்லாம் மறைந்து, வெளிச்சமும் நிழலும் இரண்டு பெரிய வடிவங்களாக நிற்கும். அந்த வடிவங்கள் சரியாக வரும்வரை அழித்து அழித்துப் போடுங்கள். இங்கே செலவழிக்கும் நேரம் வீணாகாது. பிரதியைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள், கோணல் உடனே தெரிந்துவிடும்.

அது காய்ந்த பிறகு வண்ணம். மேலே போகப் போக ஆளி விதை எண்ணெயைக் கூட்ட வேண்டும். அடியில் எண்ணெய் அதிகமாகவும் மேலே குறைவாகவும் இருந்தால், பின்னால் மேல் அடுக்கு வெடித்துவிடும். (எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவிடுங்கள்.) வெர்மீர் பயன்படுத்திய ஈய வெள்ளை நச்சு. டைட்டானியம் வெள்ளை போதும். தலைத்துணியின் நீலத்துக்கு அவர் லாபிஸ் லாசுலி கல்லை அரைத்த வண்ணத்தை எடுத்தார்; நமக்கு டியூபில் வரும் அல்ட்ரமரின் இருக்கிறது.

[திரையில்: மூக்கும் கன்னமும், மிக அருகில்]

இப்போது அந்த மூக்கு. முதல் பிரதியில் நான் அங்கே ஒரு பழுப்புக் கோடு இழுத்தேன். மூக்கு என்றால் ஓரம் இருக்கும் என்று மூளை சொன்னது, கை கேட்டுக்கொண்டது. முகமே அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல ஆகிவிட்டது. வெர்மீர் தீட்டாமல் விட்ட இடங்களை நம் கையாலேயே விட்டுப் பழகுவதற்குத்தான் பிரதி எடுக்கிறோம். வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் அவை கண்ணில் படுவதே இல்லை.

பின்னணியையும் சொல்ல வேண்டும். இன்று கறுப்பாகத் தெரிகிற இடத்தில் முன்பு ஒரு பச்சைத் திரை இருந்தது. 2018-இல் தொடங்கிய அருங்காட்சியக ஆய்வில் அது தெரியவந்தது. மேலே பூசிய கண்ணாடி போன்ற பச்சை அடுக்கு காலப்போக்கில் மங்கிவிட்டது. நீங்கள் கறுப்பாகவே தீட்டலாம். நானோ கருமைக்குள் துளி பச்சை கலப்பேன். தோல் நிறம் அதன் பக்கத்தில் இன்னும் கதகதப்பாகத் தெரியும்.

[திரையில்: முத்து]

முத்தைக் கடைசிக்கு வையுங்கள். வட்டம் போடாதீர்கள். அதற்குச் சுற்றுக்கோடும் இல்லை, காதில் மாட்டும் கொக்கியும் இல்லை. மேலே கெட்டியான வெள்ளையில் ஒரு பொட்டு. கீழே, சட்டைக் கழுத்தின் வெண்மை பட்டுத் தெறிக்கும் மங்கலான ஒரு பூச்சு. மீதி எல்லாம் கழுத்தின் நிழல்தான். பொட்டு வைத்ததும் தூரிகையைக் கீழே வைத்துவிடுங்கள்.

அப்புறம் கித்தானின் பின்பக்கம் ‘வெர்மீரின் ஓவியத்தைப் பார்த்து எடுத்த பிரதி’ என்று எழுதி, உங்கள் பெயரையும் தேதியையும் போடுங்கள். அவர் கையெழுத்தை மட்டும் பிரதி எடுக்க வேண்டாம்.